முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி: தனியாகப் பிரித்தா, பாடத்தோடு சேர்த்தா?

உப்பங்காற்று | மண்டபம் | ஜூலை 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நம் கடற்கரையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். முதலாம் ஆண்டு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பிரிட்ஜ் கோர்ஸ் என்று பத்து நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுதத் திணறும் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து அவர்களுக்கு அடிப்படை இலக்கணம் நடத்த வேண்டும். துறையில் இளையவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது.

பிரிப்பதற்கு முன்னால் 58 பேரையும் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது என்பது தலைப்பு. கடல் தொழில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வேலை கிடைக்காத மாதத்தைப் பற்றி எழுதலாம். ஒரு பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

«தடைகாலம் 61 நாள் அதுல அப்பா வலை சரி பன்னுவாங்க கூலி இருக்காது போட்டுக்காரர்ட்ட வாங்குன பணம் அப்படியே நிக்கும் நாங்க முயற்ச்சி செய்தாலும் அடைக்க முடியல ஆகவே மனிதனின் விருப்பங்கள் எல்லையற்றவை, அவற்றை நிறைவு செய்யும் சாதனங்கள் பற்றாக்குறையானவை என்று ராபின்ஸ் கூறுகிறார்.»

முதல் பாதியில் ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. பின்பாதியில் ஒரு பிழை கிடையாது, காரணம் அது பிளஸ் ஒன் பாடத்திலிருந்து மனப்பாடமாக வந்து விழுந்தது. நடுவில் ஒரு «ஆகவே» நிற்கிறது பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்பா படகு முதலாளியிடம் வாங்கிய கடனுக்கும் பொருளாதார அறிஞர் ராபின்ஸுக்கும் நடுவில் அந்தச் சொல் எதையும் சேர்க்கவில்லை. பரீட்சையில் கடைசி வரிக்கு மார்க் விழும் என்று பன்னிரண்டு வருடம் பழகிய கை எழுதியது அது.

இந்தப் பையனைத் தனி வகுப்பில் உட்கார வைத்து எழுவாய் பயனிலை நடத்தலாமா? இல்லை, வேறு வழி இருக்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்கரை | தொண்டி | ஜூலை 6, இரவு 10.25

அம்மா, நான் உயர்நிலைப் பள்ளியில் 34 வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பதில் எளிது, அடிப்படையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று ஆனபின், எழுத்துக்கூட்டி எழுதத் தெரியாத பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் என் முன்னால் வந்து உட்காரும். நான் என்ன செய்வேன்? எழுத்து, சொல், தொடர், பத்தி என்ற வரிசையை மாற்ற முடியாது. அடிமரமான ஏராவை வைக்காமல், படகு கட்டும் எந்த ஓடாவியும் வல்லத்துக்குப் பலகை அடிக்க மாட்டான். பிழையோடு எழுத விட்டால் பிழைதான் கைக்குப் படியும். பத்து நாள் போதாது, ஒரு செமஸ்டர் முழுக்கக் கேளுங்கள்.

சாயல்குடி வண்டி | சாயல்குடி | ஜூலை 7, காலை 6.15

எதைச் செய்தாலும் சாயங்காலம் வைக்காதீர்கள் மேடம். என் தங்கச்சி படிக்கிறாள். கல்லூரி விட்டதும் வரும் பஸ்ஸை விட்டால் அடுத்ததில் ஏறி வீட்டுக்கு வர இருட்டிவிடும். அம்மா இரண்டு நாள் பொறுப்பார்கள், மூன்றாம் நாள் படிப்பையே நிறுத்திவிடுவார்கள்.

பாசிக்காரி மகள் | சின்னப்பாலம், பாம்பன் | ஜூலை 7, மதியம் 1.30

அக்கா, தனியாகப் பிரிக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் பிரிக்கப்பட்டவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. முதலாம் ஆண்டு இரண்டாவது வாரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மேலே «ஸ்லோ லேர்னர்ஸ்», கீழே பெயர்கள். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்கு அப்படி ஒரு பட்டியல் தேவை என்று பின்னாளில்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் என் பெயர் அதில் இருந்ததுதான். பாம்பனிலிருந்து என்னோடு வந்த பிள்ளையின் பெயர் இல்லை. அவள் அன்றிலிருந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டாள்.

அந்த வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கோடிட்ட இடத்தை நிரப்பினோம். அதில் நான் முழு மார்க் வாங்குவேன். அப்புறம் பாடத் தேர்வில் ஐந்து மார்க் கேள்வி வந்தால் பேனா நகராது. கோடு போட்ட இடத்தில் ஒரு சொல் வைக்கத் தெரியும். வெறும் தாளில் எங்கே தொடங்குவது என்று அந்த வகுப்பில் யாரும் காட்டவில்லை.

மூன்றாம் செமஸ்டரில் வந்த ஒரு தமிழ் மிஸ், உங்கள் அம்மா செய்யும் வேலையை எழுதுங்கள் என்றார்கள். எங்கள் அம்மா பாசி எடுக்கப் போவார்கள். நான் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி: «அம்மா மரிக்கொழுந்து எடுப்பாங்க. கையில துணி சுத்திக்கிடுவாங்க. மாசத்துல பாதி நாள் போவாங்க.» மிஸ் பிழை எதையும் திருத்தவில்லை. ஓரத்தில் மூன்று கேள்வி எழுதியிருந்தார்கள். மரிக்கொழுந்து பூ இல்லையா? துணி எதற்கு? மீதி நாள் ஏன் போகவில்லை?

எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. இது தெரியாதா என்று நினைத்தேன். அப்புறம்தான், அவர்கள் மதுரைக்காரர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று உறைத்தது. பூவுக்கும் அதே பெயர், எங்கள் கடலில் பாறையில் படர்கிற பாசிக்கும் அதே பெயர். பாறையில் உரசி விரல் கிழியும், அதனால் துணி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் பாசிக்கு இறங்குவார்கள், மற்ற நாளில் விட்டுவிடுவார்கள், பாசி திரும்ப வளரட்டும் என்று. இவ்வளவையும் எழுதியபோது இரண்டு பக்கம் வந்தது. என் வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் இரண்டு பக்கம். மூன்று தடவை திருத்தி எழுதினேன். படிக்கிறவருக்கு என்ன தெரியாது என்று யோசிக்க அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். இப்போது குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். விரித்தெழுத வேண்டிய தாளில் எனக்குக் கை கொடுப்பது அந்த மூன்று கேள்விதான்.

கீழக்கரைப் பிள்ளை | மேரிலாந்து | ஜூலை 8, காலை 7.50

கீழக்கரையில் பிறந்தவள், இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் எழுத்துப் பாடம் நடத்துகிறேன். சின்னப்பாலம் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போக மனசு வரவில்லை. இங்கே ஐம்பது வருடமாக நடக்கும் வாதமும் இதேதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் நகரத்தின் பள்ளியிறுதி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அதைச் சேர்ந்த சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சியை நடத்திய மினா ஷானெஸி, நுழைவின்போது பிள்ளைகள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். அவர் கண்டது 1977-ல் புத்தகமாக வந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: இந்தப் பிள்ளைகளின் பிழைகள் கண்டபடி விழுந்தவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம், பெரும்பாலும் பிள்ளை தானே போட்டுக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. இவர்கள் புத்தி குறைந்தவர்கள் இல்லை, எழுதிப் பழகாத புதியவர்கள். புதியவர் எவரும் தவறு செய்துதான் கற்பார். ஆசிரியர் முதலில் அந்தக் காரணத்தைப் படிக்கக் கற்க வேண்டும்.

இதை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் நாடு முழுக்கக் கல்லூரிகளில் வேரூன்றியது வேறொன்று. சேரும்போது ஒரு கணினித் தேர்வு. மார்க் குறைந்தால் கீழ்ப்படி வகுப்பு, சில இடங்களில் இரண்டு படி, மூன்று படி. கட்டணம் உண்டு, பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. அதையெல்லாம் தாண்டினால்தான் உண்மையான எழுத்துப் பாடம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் 100-க்கு 30 பேர் கழன்று போனால், மூன்று படி தாண்டும்போது 34 பேர்தான் மிஞ்சுவார்கள். எல்லோரும் தோற்றுப் போனவர்கள் இல்லை. ஒரு படி பாஸ் செய்துவிட்டு அடுத்ததற்குப் பெயர் கொடுக்காமலே போனவர்கள் ஏராளம். படிகள் கூடக்கூட, கழன்று போவதற்கான வாசலும் கூடியது.

எங்கள் மாநிலத்தில் பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரியில் 2007-ல் இதைத் திருப்பிப் போட்டார்கள். கீழ்ப்படிக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகளை நேராக முதலாம் ஆண்டு எழுத்துப் பாடத்திலேயே சேர்த்தார்கள். 20 பேர் வகுப்பில் எட்டுப் பேர் இப்படி வந்தவர்கள், மீதி 12 பேர் வழக்கமாகச் சேர்ந்தவர்கள். வகுப்பு முடிந்ததும் அந்த எட்டுப் பேருக்கு மட்டும் அதே ஆசிரியரோடு இன்னொரு மணி நேரம். அங்கே தனிப்பாடம் எதுவும் கிடையாது. அன்றைய பாடத்தில் புரியாதது, எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் சிக்கியது, வேலை, வீடு, பஸ், எல்லாம் பேசுவார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் கணக்கெடுத்தபோது, பழைய வழியில் போனவர்களைவிட இவர்களில் கூடுதல் பேர் எழுத்துப் பாடத்தை முடித்திருந்தார்கள். 2017-ல் கலிபோர்னியா ஒரு சட்டமே போட்டது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, பிள்ளை ஒரு வருடத்துக்குள் கல்லூரி நிலைப் பாடத்தை முடிக்க எது அதிகம் உதவுமோ அந்த வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எட்டுப் பேர் என்பதே பாதி வெற்றி. உங்கள் 58 பேருக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் ஒரே பாடம், ஒரே ஆசிரியர், கூட ஒரு மணி நேரம் என்கிற எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தொண்டிக்கரை | தொண்டி | ஜூலை 8, இரவு 8.05

கீழக்கரைப் பிள்ளைக்கு: அமெரிக்காவில் பிள்ளைக்கு வீட்டு மொழி ஆங்கிலமாக இல்லாமல் இருக்கலாம். அது வேறு. இங்கே பிள்ளைகள் தாய்மொழியிலேயே தப்பாக எழுதுகிறார்கள். இதை எப்படிப் பொறுப்பது?

கீழக்கரைப் பிள்ளை | மேரிலாந்து | ஜூலை 9, காலை 6.30

ஐயா, அந்த நியூயார்க் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஸ்பானிஷ் பேசினார்கள்தான். ஆனால் கறுப்பினப் பிள்ளைகள் வீட்டில் பேசிய ஆங்கிலத்துக்கும் கல்லூரி கேட்ட ஆங்கிலத்துக்கும் இலக்கணமே வேறு. நம் ஊரையும் பாருங்கள். எங்கள் வீட்டில் வாப்பா, உம்மா, லாத்தா என்று பேசிய தமிழில் ஒரு வரியைக்கூட நான் பரீட்சைத் தாளில் எழுதியதில்லை. பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் இவ்வளவு தள்ளி இருக்கும்போது, எழுதுவது எல்லாப் பிள்ளைக்குமே பாதி புது மொழிதான். வீட்டில் படிக்கிற பழக்கம் இருந்தால் அந்தத் தூரம் குறையும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நாம்தான் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

உப்பங்காற்று | மண்டபம் | ஜூலை 11, இரவு 11.10

மூன்று இரவு உட்கார்ந்து 58 தாளையும் மறுபடி படித்தேன், மார்க் போடாமல், பிழைகளை வகை பிரித்து. ஐயா, இதை நீங்கள் பார்க்க வேண்டும்.

முயற்ச்சி, பயிற்ச்சி, கற்ப்பனை, காட்ச்சி, ஏற்ப்பாடு. ஏறத்தாழ பாதித் தாளில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறது. எடுத்தவுடன் பத்துப் பிழை மாதிரி தெரிந்தது. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, «முயற்ச்சி»யில் ஏன் ச் போட்டாய் என்று கேட்டேன். «சொல்லும்போது அழுத்தி வருதே மிஸ். வாய்ப்பு, பார்த்தான் எல்லாத்துலயும் போடுறோம்ல?» என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாய்ப்பில் ய்-க்குப் பிறகு ப் வருகிறது, முயற்சியில் ற்-க்குப் பிறகு ஏன் ச் வராது?

தொண்டிக்கரை | தொண்டி | ஜூலை 12, காலை 5.20

விடிவதற்குள் எழுதுகிறேன், இந்தக் கேள்வி என்னை எழுப்பிவிட்டது.

ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வரலாம். வாய்ப்பு, பார்த்தான், வாழ்த்து. ட், ற் இரண்டும் வல்லின மெய். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வரவே வராது. முயற்சி, பயிற்சி, கற்பனை, காட்சி, ஏற்பாடு, கட்சி, வெட்கம், நட்பு, எல்லாம் அப்படித்தான். ஒரே விதி. கரும்பலகையில் ஐந்து நிமிடம்.

அந்தப் பெண் தவறாக யோசிக்கவில்லை அம்மா. ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள், அது எந்த எல்லையில் நிற்கும் என்று மட்டும் தெரியவில்லை. நான் 34 வருடம் அந்தச் ச்-ஐச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். ஏன் போட்டாய் என்று ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை.

வல்லத்துக்காரர் | தங்கச்சிமடம் | ஜூலை 12, மாலை 4.45

படித்தவர்கள் பேசுகிற இடத்தில் குறுக்கே வருகிறேன். என் மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. நான் சொல்லச் சொல்ல என் மைத்துனர் மகள் இதை டைப் அடிக்கிறாள். போன மாதம் நிவாரணப் பணம் வரவில்லை என்று திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் போனேன். மகனையும் கூட்டிப் போனேன். வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம்தான் காசு கொடுத்து எழுதினோம். மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்லவில்லை. மனு எழுத அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் வகுப்பில் இதையும் சேருங்கள் டீச்சர்.

பாசிக்காரி மகள் | சின்னப்பாலம், பாம்பன் | ஜூலை 12, மாலை 5.30

அண்ணே, தம்பியை ஞாயிற்றுக்கிழமை பாம்பனுக்கு அனுப்புங்கள். மனு நான் சொல்லித் தருகிறேன்.

சாயல்குடி வண்டி | சாயல்குடி | ஜூலை 13, காலை 7.00

ஆங்கிலம் பற்றி யாரும் பேசவில்லையே? என் தங்கச்சிக்கு அதுதான் பயம். இரண்டு அரியர் அதில்தான்.

கீழக்கரைப் பிள்ளை | மேரிலாந்து | ஜூலை 13, காலை 9.15

அதே வழிதான் தம்பி, கொஞ்சம் பின்னால். «டிட் நாட் வென்ட்» என்று எழுதினால், நேற்று நடந்தது என்பதை விடாமல் இரண்டு இடத்திலும் காட்டியிருக்கிறாள் என்று பொருள். ஒரு இடம் போதும் என்று சொன்னால் பிடித்துக்கொள்வாள். ஆனால் ஒரு விஷயத்தைக் காரணம் சொல்லி, உதாரணம் காட்டி எழுதும் பழக்கம் தமிழில் முதலில் வரட்டும். அது வந்துவிட்டால் ஆங்கிலத்தில் மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். இரண்டையும் ஒன்றாகச் சுமக்க வைப்பதால்தான் பிள்ளை நோட்ஸை மனப்பாடம் செய்கிறது.

உப்பங்காற்று | மண்டபம் | ஆகஸ்ட் 24, இரவு 10.00

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் போடவில்லை. துறைத் தலைவரிடம் இந்த இழையைக் காட்டினேன், குறிப்பாகச் சின்னப்பாலம் தங்கை எழுதியதை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம், சரி, பிரிக்க வேண்டாம் என்றார்கள். கூடுதல் மணி நேரத்துக்கு இடம் இல்லை, சாயங்காலம் பஸ் பிரச்சினை. எங்கள் கல்லூரியில் பகுதி 1 தமிழுக்கு வாரம் ஆறு மணி நேரம் உண்டு. தமிழ்த் துறை சார் ஒருவர் அதில் இரண்டை எழுதுவதற்கு விட்டுக் கொடுத்தார். நானும் போய் உட்காருகிறேன். 58 பேரையும் நான்கு வட்டமாக உட்கார வைக்கிறோம், எழுத வருகிற பிள்ளையும் திணறுகிற பிள்ளையும் கலந்து. எழுதுவது என் பாடத்துக்கான கேள்விகளையே. திருத்துவது ஓரத்தில் மூன்று கேள்வி, அவ்வளவுதான். வாரம் ஒரு பிழை வகையை மட்டும் கரும்பலகையில் எடுக்கிறோம். முதல் வாரம் ஐயாவின் ட், ற் விதி.

கஷ்டமும் இருக்கிறது. 58 தாளுக்கு மூன்று கேள்வி என்றால் 174 கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. நான்கு பேர் இன்னும் வெறும் தாளைத்தான் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தையே கூட்ட வரவில்லை, அவர்களை மட்டும் காலையில் அரை மணி முன்னதாக வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஐயா சொன்ன வரிசையில்தான் போகிறேன். இந்த நான்கு பேருக்கு அது இல்லாமல் முடியாது.

அந்தப் பையனிடம், «அப்படியே நிக்கும்» என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். வாயால் சொன்னான்: «வட்டி கிடையாது மிஸ். ஆனா அந்தப் பணம் நிக்கிற வரைக்கும் அப்பா வேற போட்டுல ஏற முடியாது.» இதை எழுது என்றேன். மூன்றாவது தடவை எழுதிக் கொடுத்தது:

«தடைக்காலம் 61 நாள். அந்த நாட்களில் அப்பாவுக்குப் பங்கு கிடையாது. வீட்டுச் செலவுக்குப் போட்டுக்காரரிடம் முன்பணம் வாங்குகிறோம். அதற்கு வட்டி இல்லை. ஆனால் அந்தப் பணம் நிற்கும் வரை அப்பா வேறு போட்டில் ஏற முடியாது. பங்கைக் குறைத்தாலும் கேட்க முடியாது. நாங்கள் முயற்சி செய்தாலும் அடுத்த தடைக்காலம் வந்துவிடும். ஆகவே இதை வட்டி இல்லாத கடன் என்று சொல்ல முடியாது. வட்டியை பணமாக கொடுக்காமல் அப்பா உழைப்பாக குடுக்கிறார்.»

ராபின்ஸ் வரவில்லை. இந்தப் பத்தியை இரண்டாம் ஆண்டு வகுப்பில் கிராமப்புறக் கடன் நடத்தும்போது, பெயர் சொல்லாமல், அவன் அனுமதியோடு வாசித்தேன்.

தொண்டிக்கரை | தொண்டி | ஆகஸ்ட் 25, காலை 5.40

கடைசி வரியில் மூன்று ஒற்று விட்டிருக்கிறான். அது அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். «ஆகவே» தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த நான்கு பிள்ளைகளுக்கும் காலை அரை மணி நேரம் நான் வருகிறேன் அம்மா. தேவிபட்டினம் வழியாக முதல் வண்டியில் வந்து ராமநாதபுரத்தில் மாறிவிடலாம். வாரத்தில் எந்த இரண்டு நாள் என்று மட்டும் கல்லூரியில் கேட்டுச் சொல்லுங்கள்.